பூட்டி வைத்த வாள்

இது நீளமான பதிவு. மலைப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் தலை சுற்றிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டிருந்தேன். பலாப் பலகையில் பேரன் பெயரை எழுத்தெழுத்தாக அறுத்து, மெழுகு பூசி, வாசலில் மாட்டிய படம். பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. "லேசர்ல வெட்டினதா சார்?" என்று பதினோரு பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை, கையால் தள்ளி அறுத்ததுதான். "மாமா, எங்க வீட்டுக்கும் ஒண்ணு" என்று கேட்ட சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கட்டும், தை மாதத்துக்குள் முடியாது.

அந்தக் கருத்துகளுக்கு நடுவில் என் பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: "நல்லா இருக்கு சார். ஆனா எங்களுக்கு ஏன் இதெல்லாம் நீங்க சொல்லித் தரல?" பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கருவி. பெயர் ஸ்க்ரோல் சா. நகை செய்யும் பத்தர் கையில் வில் மாதிரி வளைந்த சட்டத்தில் நூல் போல ஒரு பிளேடு கட்டியிருக்குமே, அதைப் பெரிதாக்கி மேஜைமேல் வைத்து மோட்டார் மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளேடு ஐந்து அங்குல நீளம், ஈர்க்குச்சி அகலம்தான் இருக்கும். நிமிடத்துக்குச் சில நூறு தடவையிலிருந்து ஆயிரத்தைந்நூறு தடவை வரை மேலும் கீழும் ஓடும். பலகையின் நடுவில் துளை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து மாட்டினால், ஓரத்தைத் தொடாமலே உள்ளே ஜன்னல் திறக்கலாம். மோட்டார் இல்லாத கைக்கருவிக்கு ஃபிரெட்சா என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கு 'இலை வாள்' என்று பொருள். இலையும் கொடியுமாக நெளிந்து போகிற வேலைக்கு ஏற்ற பெயர்தான். மைசூர் ரோஸ்வுட் பலகைகளில் யானையும் மரமும் வெவ்வேறு நிற மரத்துண்டால் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அந்தத் துண்டுகளை அறுத்தெடுப்பது இந்தச் சின்ன வாள்தான். வல்வில் ஓரியின் மலையில் இருந்துகொண்டு வில்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? ஃபிரெட்சாவும் ஒரு வில்தான். நாண் இருக்க வேண்டிய இடத்தில் பிளேடு இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இதைக் கற்றது 1978-ல், ஆசிரியர் பயிற்சியில். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் மீதி அப்போதும் பயிற்சிப் பள்ளிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ராட்டை, தோட்டம், மரவேலை என்று பிரித்தார்கள். எனக்கு விழுந்தது மரவேலை. எங்கள் கைத்தொழில் ஆசிரியர் முதல் நாள் ஆளுக்கு ஒரு பிளேடு கொடுத்தார். "இதை ஒடிங்கடா" என்றார். நாங்கள் விழித்தோம். "எப்படி வளைச்சா ஒடியுதுன்னு கைக்குத் தெரியணும். அப்புறம் ஒடிக்காம அறுக்கலாம்" என்றார். பக்கவாட்டில் வளைத்தோம், முறுக்கினோம், எல்லாம் ஒடிந்தது. ஒடிந்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. இரண்டு வருடத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "மரத்தைத் தள்ளாதே, கொடு."

1983-ல் கொல்லிமலைக்கு வேலைக்கு வந்தேன். ராசிபுரத்துப் பக்கம் பிறந்தவன், இரண்டு வருடம் இருந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன். இன்னும் இறங்கவில்லை. வரும்போது பெட்டியில் இரண்டு ஃபிரெட்சா இருந்தன, பயிற்சி முடிந்தபோது சொந்தக் காசில் வாங்கியவை.

அடுத்து சொல்வது கொஞ்சம் சங்கடமான விஷயம். 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-ல் மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்' தொடங்கியது. நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அத்துடன் கற்பித்தல் பொருள்கள். உலக உருண்டை, வரைபடம், அறிவியல் பெட்டி, விளையாட்டுச் சாமான், தபேலா, ஆர்மோனியம், ஒரு சிறு கருவிப் பெட்டி. சில ஆண்டு கழித்து எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஒரு நாள் பிள்ளைகளுக்குத் தீபாவளிதான். நான் என் இரண்டு ஃபிரெட்சாவையும் அந்தக் கருவிப் பெட்டியோடு சேர்த்து வைத்தேன். சேர்த்ததோடு நில்லாமல், ஒழுங்கானவன் என்ற பெயர் வேண்டுமே, இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றினேன். 'ஃபிரெட்சா - 2. பிளேடு - 12.'

1994-ல் ஒரு மத்தியான வேளை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து ஒரு ஃபிரெட்சாவை எடுத்துவிட்டான். உடைந்த பெட்டிப் பலகையில் லாரி ஒன்று வரைந்து அறுத்துக்கொண்டிருந்தான். நான் போவதற்குள் இரண்டு பிளேடு போயிருந்தது. லாரியின் முன்பக்கம் வந்திருந்தது, சக்கரத்து வளைவில்தான் ஒடித்திருக்கிறான். எந்தப் புதியவனும் அங்கேதான் ஒடிப்பான். நான் பார்த்தது லாரியை அல்ல. 12 என்று எழுதியிருக்கிறோமே, இப்போது 10 தானே இருக்கிறது, ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் மனம் ஓடியது. பிரம்பால் உள்ளங்கையில் நான்கு அடி. கருவிப் பெட்டி பீரோவுக்குள் போனது. தபேலாவும் கூடவே போனது, அது என்ன பாவம் செய்ததோ. சாவி என் இடுப்புக் கயிற்றில்.

2004-ல் எனக்கு மலையிலேயே வேறு பள்ளிக்கு மாறுதல். பொறுப்பு ஒப்படைக்கும்போதுதான் பீரோவைத் திறந்தோம். கொல்லிமலையின் ஈரம் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் துவைத்த சட்டை நான்கு நாள் காயாது. பத்து வருடம் அந்த ஈரத்தில் கிடந்த பிளேடுகள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டி ஒரே கத்தையாக இருந்தன. எடுத்ததும் பொடிந்தன. அரம் சொரசொரப்பே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. தபேலாத் தோலை எலி தின்றிருந்தது. 'பயன்படுத்த இயலாத நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு ஒரு எண் பிசகாமல் சரியாக இருந்தது. பன்னிரண்டில் இரண்டு ஒடிந்தவை, பத்து துருப்பிடித்தவை.

திட்டத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. பொருள் வந்தது. பூட்டியது நான். ஆண்டுக்குப் பதினைந்து பிள்ளைகள் என்று வைத்தாலும் நூற்றைம்பது பேர் அந்தப் பீரோவைத் தாண்டி வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். இந்தப் பதிவைப் படிக்கும் சிலர் அந்தக் கணக்கில் உண்டு. "ஏன் சார் சொல்லித் தரல" என்பதற்கு உண்மையான பதில் இதுதான்.

2017-ல் ஓய்வு பெற்றேன், 58 வயதில். பிறகுதான் 59 ஆக்கி, 60 ஆக்கினார்கள். என் ராசி. ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2019-ல் மகன் ஸ்க்ரோல் சா ஒன்று வாங்கிக் கொடுத்தான். நாமக்கல்லில் இருந்து பஸ்ஸில் கொண்டு வந்தோம். ஒரு கன்றுக்குட்டி கனம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார். அதன் பிறகுதான் 1978-ல் கற்ற வித்தை எவ்வளவு கரைந்துபோயிருக்கிறது என்று தெரிந்தது. முதல் வாரத்தில் பதினேழு பிளேடு ஒடித்தேன். உள்ளங்கையில் அடிப்பதற்கு ஆள் இல்லை.

கருவியைப் பேணுவது பற்றிக் கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலையில் பாதி அதுதான். ஆர்வம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று பத்தி தாண்டிப் போகலாம், பரீட்சை வைக்கமாட்டேன்.

பிளேடில் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மரம் மேஜையை விட்டு எகிறிக் குதிக்கும், கருவி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவோம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் துணியில் லேசாக மேலும் கீழும் தேயுங்கள், எந்தப் பக்கம் மாட்டுகிறதோ அதுவே பல் பார்க்கும் திசை. பிளேடில் இரண்டு ஜாதி உண்டு. முனையில் சின்னக் குறுக்காணி உள்ளது ஒன்று, வெறும் முனை இன்னொன்று. ஆணி உள்ளது மாட்டச் சுலபம். ஆனால் அது நுழையப் பெரிய துளை வேண்டும். தமிழ் எழுத்து அறுக்க அது உதவாது. 'வ'வின் வயிற்றுக்குள், 'ண'வின் சுழிக்குள் போக வேண்டுமென்றால் வெறும் முனைப் பிளேடுதான். எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழை மரத்தில் அறுக்கும்போது பெரிய தொல்லை புள்ளி. 'ழ்' என்று அறுத்தால் 'ழ' ஒரு துண்டு, புள்ளி தனித் துண்டு. அந்தப் புள்ளி மேஜை ஓட்டை வழியாகக் கீழே விழுந்து மரத்தூளில் கலந்துவிடும். தேடித் தேடி இடுப்பு ஒடிந்துவிட்டது. இப்போது கீழே ஒரு மெல்லிய பட்டையை விட்டு அதில் எழுத்துகளும் மேலே ஒரு பட்டையில் புள்ளிகளும் தொங்குகிற மாதிரி வரைந்துகொள்கிறேன். மெய்யெழுத்து அதிகமுள்ள பெயருக்கு நேரம் கூடுதல், சொந்தக்காரர்கள் கவனிக்கவும்.

இழுவிசை. பிளேடை மாட்டி முறுக்கிய பிறகு விரலால் தட்டிப் பாருங்கள். வீணைத் தந்தி போலத் தெளிவாக ஒலிக்க வேண்டும். 'தொப்' என்றால் தளர்வு, வளைவில் பிளேடு அலைந்து ஒடியும். வேலை முடிந்ததும் முறுக்கைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கையும் ஸ்பிரிங்கும் இராப்பகலாக இழுபட்டுக்கொண்டே இருக்கும். மாட்டும் பிடிப்பில் எண்ணெய் இருந்தால் பிளேடு நழுவும். புதுப் பிளேடு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் வரும். முனையைத் துணியால் துடைத்து, உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்து மாட்டினால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: நேராகத் தள்ளினாலும் கோடு ஒரு பக்கமாக இழுக்கும். கருவியின் குற்றம் இல்லை. பிளேடு செய்யும்போதே ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு தங்கிவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும். பலகையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் கோட்டில் போகும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மழுங்கிய பிளேடைக் கண்டுபிடிப்பது எளிது. மரம் கருகும், நம் கை தானாக அழுத்த ஆரம்பிக்கும். அழுத்தினால் ஒடியும். ஒடிவதற்கு முன்பே மாற்றிவிடுவது சிக்கனம். பலகைமேல் ஒளிவுமறைவில்லாத செல்லோ டேப்பை ஒட்டி அறுத்தால் கருகுவது குறையும். அதிலும் பார்சல் கட்டுகிற அகலமான டேப் நல்லது. தேக்குக்குப் பிளேடு சீக்கிரம் மழுங்கும், அந்த மரத்துக்குள் மணல் போல சிலிகா இருக்கிறது. பலா நல்ல பிள்ளை. அறுக்கும்போது மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகப் பழுப்புக்கு மாறும். நம் மலையில் மிளகு ஏற்றுவதற்காக எங்கும் நிற்கும் சில்வர் ஓக் இலேசாக அறுபடும், சரியான பக்கம் அறுத்தால் மீன் செதில் மாதிரி அழகான பூ விழும். ஆனால் அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். எனக்கு வந்தது. முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் உட்காராதீர்கள். எந்த மரத்தூளும் வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய்தானே இருக்கிறது என்று மூட்டுகளில் விட்டேன். மார்கழி வந்தது. தேங்காய் எண்ணெய் இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே போனால் உறையும், நம் ஊர் மார்கழியைச் சொல்லவா வேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டால் கிழவன் எழுந்திருப்பது போல முனகியது. தூளோடு சேர்ந்து பிசினாகியும் விட்டது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மேஜையின் இரும்புத் தகட்டுக்கு மெழுகு பூச வேண்டும். தேன்மெழுகுக்கு நம் மலையில் பஞ்சமா? ஒரு கிண்ணத்தில் மெழுகைப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி எடுத்துப் போய்க் கொஞ்சம் டர்பன்டைன் கலந்தால் களிம்பு மாதிரி ஆகும். டர்பன்டைன் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். மாதம் ஒருமுறை பூசித் துணியால் தேய்த்தால் துரு அண்டாது, மரமும் வழுக்கிக்கொண்டு போகும். மூடி வைப்பதற்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வேர்த்துத் துரு ஏறும். பழைய வேட்டி போதும்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகு எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. தினமும் ஓடுகிற கருவிக்கு இதில் பாதி தேவையில்லை. ஓடாமல் இருக்கும் மழைக்காலத்தில்தான் துரு பிடிக்கிறது. மலையிலிருந்து இறங்கி வடகிழக்கே போனால் தம்மம்பட்டி, அதைத் தாண்டி அரும்பாவூர். இரண்டும் மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர்கள், அரும்பாவூர் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. போன வருடம் அங்கே ஒரு பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். வாகைக் கட்டையில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உளியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டார். நிறுத்திவிட்டுத் தீட்டுகிறார் என்றே தோன்றவில்லை, மூச்சு விடுவது மாதிரி நடந்தது. அவரது உளிகளில் சில பாதி தேய்ந்து குட்டையாகிவிட்டன. எந்த உளி பழையது என்று கேட்டேன். குட்டையானதைக் காட்டினார். துருவேறியது ஒன்றுகூட அங்கே இல்லை.

அதனால் என் கட்சி இதுதான். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளை கைவேலை வேண்டும். அதில் ஒடியும் பிளேடை, மழுங்கும் உளியை, வீணாகும் பலகையைச் சுண்ணாம்புக்கட்டி கணக்கில் எழுத வேண்டும். சுண்ணாம்புக்கட்டி தேய்ந்துவிட்டதே என்று எந்த ஆசிரியரையும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பிளேடும் அப்படிப்பட்ட பொருள்தான். 1977-ல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு 'சமுதாயப் பயன் தரும் ஆக்க வேலை' என்று ஒரு நீளமான பெயரில் கைவேலையைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. பெயர் தங்கியது, நோட்டுப் புத்தகத்தில் அட்டைப் பூ ஒட்டுவதோடு வேலை முடிந்தது. சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் துணைக்கருவிக்காகத் தந்தார்கள். நாங்கள் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வாங்கி, எங்கள் கையாலேயே எல்லாவற்றையும் செய்து, சுவரில் உயரமாக மாட்டினோம். பிள்ளை தொட்டால் கெட்டுவிடும் அல்லவா? அதே ஐந்நூறுக்கு ஒரு ஃபிரெட்சாவும் நாலு டஜன் பிளேடும் வாங்கிக் கொடுத்து, பின்னம் கற்பிக்கும் வட்டத்தைப் பிள்ளைகளையே அறுக்கச் சொல்லியிருக்கலாம். வட்டத்தை மூன்று சமபங்காக அறுப்பதற்குள் 120 டிகிரி என்பது கையில் ஏறிவிடும்.

நம் கல்வியாளர்கள் கூட்டத்தில் பின்லாந்து பெயர் வராத கூட்டம் இல்லை. அங்கே 1866-லேயே யூனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் கைவேலை கிராமப் பள்ளிப் பாடமானது, இன்றும் கட்டாயப் பாடமாக இருக்கிறது. இதை மட்டும் ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இந்த இடத்தில் சில பேர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. "சார், குலக்கல்வியைத் திரும்பக் கொண்டு வரச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி, தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் கைவேலையைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளை பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் மற்றவர்களும் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். கைவிட்டது சரி. அது நிலைத்திருந்தால் இந்த மலையிலிருந்து ஒரு நர்சு, ஒரு வாத்தியார், ஒரு இன்ஜினியர் வந்திருக்க முடியாது. நான் கேட்பது பள்ளி நேரத்தைக் குறைக்காமல், பள்ளிக்குள்ளேயே, எல்லோருக்கும். ஆசாரி மகனுக்கு மட்டும் உளி என்றால் நானும் எதிர்ப்பேன். டாக்டர் மகளும், மலையாளிக் குடும்பத்துப் பையனும், தாசில்தார் பிள்ளையும் ஒரே பலகையை மாறி மாறி அறுக்க வேண்டும். நாமக்கல் சென்னை என்று பெரிய பெரிய கட்டணப் பள்ளிகளில் இப்போது 'மேக்கர் லேப்' என்று கண்ணாடி அறை வைத்து இதையேதான் செய்கிறார்கள். அவர்களிடம் யாரும் குலக்கல்வியா என்று கேட்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை வாளைத் தொட்டால் மட்டும் நமக்குப் பயம் வருகிறது.

பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை தோறும் ஆறேழு பிள்ளைகள் வருகிறார்கள். ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா மூன்றாம் வாரம் வந்து நின்றார். "எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கணுங்க சார். நாங்கதான் காட்டுல மரத்தோட கெடந்தோம். நீங்க அது கையிலயும் வாளைக் குடுக்கறீங்களே" என்றார். என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டுப்பாடம் முடிந்த பிறகுதான் அனுமதி, இரண்டு மணி நேரம்தான் என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்து பார்த்தார். மகள் 'ழ' அறுத்துக்கொண்டிருந்தாள், கீழ்ச் சுழியில் மாட்டிக்கொண்டு, கையை எடுத்து, மறுபடி கொடுத்து, திரும்பினாள். அவர் எழுந்து வந்து என் சில்வர் ஓக் பலகையைத் தட்டிப் பார்த்தார். "இது இன்னும் காயலைங்க சார். ஆறு மாசம் நிழல்ல போடணும். ஈரத்துல அறுத்தா கோணிக்கும்" என்றார். சொன்னபடியே அந்த மாதம் செய்த இரண்டு பெயர்ப்பலகையும் கோணின. இப்போது பலகை தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. பெண் கம்ப்யூட்டரும் படிப்பாள்.

பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன்: எட்டாம் வகுப்புக்குக் கீழே மோட்டார் கிடையாது. கையில் பிடிக்கும் ஃபிரெட்சாதான், முன்னால் 'வி' வடிவில் வெட்டிய சின்னப் பலகையை மேஜையில் கவ்வி மாட்டி, அதன்மேல் வைத்து அறுக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் மோட்டார் அருகே உட்கார்ந்தால் நான் பக்கத்திலேயே நிற்பேன். வட்ட ரம்பம் போல இது விரலை இழுத்துக்கொள்ளாது. ஆனாலும் வாள் வாள்தான், என் இடது சுட்டுவிரலில் மூன்று தையல் சாட்சி. அது அவசரத்தில் பட்டது, பேரன் பெயரை அவன் பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று தள்ளினேன். கொடுக்கவில்லை.

லேசர் பற்றிக் கேட்டவர்களுக்கு: என் மாணவன் ஒருவனே நாமக்கல்லில் லேசர் வைத்துப் பெயர்ப்பலகை வெட்டுகிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான், சந்தோஷம். நூறு பலகை வேண்டுமென்றால் அவனிடம் போங்கள்.

1994-ல் லாரி அறுத்த பையனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. பெயர் சொல்லப்போவதில்லை. அவன் வகுப்புக்காரர்களுக்குத் தெரியும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடமாக இருக்கிறான். வல்வில் ஓரி விழாவுக்கு மலைக்கு வந்தவன் போன ஆடியில் வீட்டுக்கு வந்தான். மெஷினைப் பார்த்தான், பிளேடைத் தட்டிப் பார்த்தான், "லூசா இருக்குங்க சார்" என்று ஒரு சுற்று முறுக்கினான். அந்த அடியைப் பற்றி நான் ஆரம்பித்தேன். "அதை விடுங்க சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "அந்த லாரிப் பலகையை என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டான். பள்ளி அடுப்பில் போட்டுவிட்டேன். அதைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், அவன் இதைப் படிப்பான். மன்னித்துக்கொள் தம்பி.

கடைசியாக ஒரு கோரிக்கை. சனிக்கிழமைப் பிள்ளைகள் பிளேடை நன்றாக ஒடிக்கிறார்கள். ஒடிந்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறோம், முக்கால் பாட்டில் ஆகிவிட்டது, யாரும் எண்ணவில்லை. சென்னை, பெங்களூர், கோவையில் இருக்கும் நீங்கள் யாராவது வரும்போது வாங்கி வாருங்கள்: ஐந்து அங்குலம், குறுக்காணி இல்லாதது, இரண்டாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும். டஜன் கணக்கில் வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டு, எண்ணெயைத் துடைத்துவிட்டு, பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். என்னிடம் வேண்டாம்.